காட்டுப்பன்றிக்கு எந்தத் தோட்டா? பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் புதிதாகத் துப்பாக்கி எடுத்தவர்களுக்கு

அக்கா மகன் போன மாதம் கைபேசியில் ஒரு வீடியோவைக் கொண்டுவந்து காட்டினான். அமெரிக்காவில் எங்கேயோ ஒருவர் மெல்லிய ரைஃபிள் ஒன்றால் மானை ஒரே வெடியில் சாய்க்கிறார். "மாமா, இது பாயின்ட் டூ டூதானே, சத்தமும் கம்மி, உதையும் கம்மி, நம்ம கடலைக்காட்டுப் பன்னிக்கு இதையே வாங்கிரலாமே" என்றான். அவனுக்கு இந்த வருடம்தான் லைசென்ஸ் கிடைத்தது. வடகரப்பதி, எருத்தேம்பதி, கொழிஞ்சாம்பாறைப் பக்கம் அவனைப் போலப் புதிதாகத் துப்பாக்கி எடுத்தவர்கள் என்னிடம் கேட்கிற கேள்வியும் ஏறக்குறைய இதேதான்: எந்தத் திர வாங்கலாம்? நம் ஊரில் தோட்டாவை மலையாளத்தில் திர என்றுதான் சொல்லிப் பழக்கம், கடைக்காரரும் அப்படித்தான் கேட்பார்.

அவனுக்கு ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். தோட்டாவைக் கையில் எடுக்கும்போது இரண்டு விஷயம் மனதில் இருக்க வேண்டும். பட்டால் பன்றி அங்கேயே விழுந்து சாக வேண்டும். படாமல் போனால், அல்லது பன்றியைத் துளைத்து வெளியே போனால், அந்தக் குண்டு எங்கே போய் நிற்கும் என்பது வெடிப்பதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மற்றது எல்லாம், சத்தம், உதை, விலை எல்லாம் இதற்குப் பிறகுதான்.

முதலில் காகிதம்

1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டில் வேட்டை கிடையாது. புள்ளிமான், மிளா, கேளையாடு, எந்த மானாக இருந்தாலும், உங்கள் வரப்பில் நின்று உங்கள் பயிரையே மேய்ந்தாலும் துப்பாக்கியைத் தூக்கக் கூடாது. வீடியோவில் பார்த்ததை இங்கே செய்தால் நேராக ஜெயில்தான்.

காட்டுப்பன்றிக்கு மட்டும் கேரளத்தில் ஒரு வழி இருக்கிறது. அதே சட்டத்தின் 11ஆம் பிரிவை வைத்து, 2022 மே மாதம் பஞ்சாயத்துத் தலைவர்களுக்கும் நகராட்சித் தலைவர்களுக்கும் கௌரவ வனவிலங்கு வார்டன் என்ற அதிகாரம் கொடுத்தார்கள். காட்டுக்கு வெளியே, பயிரையோ ஆளையோ சேதப்படுத்துகிற பன்றியைச் சுடச் சொல்லி அவர்கள் உத்தரவு போடலாம், லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக்காரர் சுடலாம். இந்த அதிகாரத்தைக் காலவரம்பு வைத்துத்தான் கொடுத்தார்கள், பிறகு நீட்டித்துக்கொண்டு வந்தார்கள். அதனால் சுடுவதற்கு முன்பு பஞ்சாயத்து ஆபீசில் போய், இப்போது நடப்பில் இருக்கிறதா, பட்டியலில் உங்கள் பெயர் சேர்ந்திருக்கிறதா, உங்கள் நிலத்தின் சர்வே எண்ணுக்கு எழுத்தில் உத்தரவு இருக்கிறதா என்று மூன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். வாய்ச்சொல்லை நம்பி இறங்க வேண்டாம்.

எல்லையில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. நம்மில் பலருக்கு நிலம் வேலந்தாவளம் ரோட்டுக்கு இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று கிடக்கிறது. கேரளப் பஞ்சாயத்து உத்தரவு தமிழ்நாட்டு மண்ணில் செல்லாது. அங்கே 2025 ஜனவரியில் வந்த உத்தரவு வேறு மாதிரி: காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடவே கூடாது, 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், 3 கிலோமீட்டருக்கு அப்பால் பயிற்சி பெற்ற வனத்துறை ஆட்கள்தான் சுடலாம். அடிபட்ட பன்றி வேலியைத் தாண்டி அந்தப் பக்கம் ஓடிவிட்டால் துப்பாக்கியோடு பின்னால் போகாதீர்கள். இரண்டு பக்கத்து வனத்துறைக்கும் போன் போடுங்கள்.

லைசென்ஸ் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1959ஆம் வருட ஆயுதச் சட்டம், 2016ஆம் வருட விதிகள். 21 வயது நிறைந்திருக்க வேண்டும், மனு கலெக்டரேட்டுக்கு. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிதான் வைக்கலாம், லைசென்ஸ் ஐந்து வருடத்துக்கு. எத்தனை தோட்டா வாங்கலாம், எந்தெந்தப் பகுதிக்கு லைசென்ஸ் செல்லும் என்பது புத்தகத்திலேயே எழுதியிருக்கும், அதைப் படித்துப் பாருங்கள். தேர்தல் அறிவிப்பு வந்தால் துப்பாக்கியை ஸ்டேஷனிலோ கடையிலோ ஒப்படைக்கச் சொல்வார்கள், அந்த நாட்களில் பன்றி வந்தால் தகரம் தட்டத்தான் வேண்டும்.

இவ்வளவு அலைச்சலுக்குப் பதிலாகக் கரன்ட் கம்பி போட்டுவிடலாமே என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2022 மே மாதம் பாலக்காடு முட்டிக்குளங்கரை போலீஸ் முகாமுக்கு அருகில் பன்றிக்கு வைத்த கரன்ட் கம்பியில் இரண்டு போலீஸ்காரர்கள் செத்துப்போனார்கள். 2020 மே மாதம் மண்ணார்க்காடு பக்கம் பன்றிப்படக்கம், அதாவது பன்றிக்கு வைக்கும் வெடி, வைத்த தீனியைக் கடித்த சினை யானை ஆற்றுக்குள் நின்றபடியே உயிரை விட்டது. கம்பி, படக்கம், விஷம் எதற்கும் இந்த உத்தரவில் அனுமதி இல்லை.

சின்னத் தோட்டா ஏன் வேண்டாம்

இனி அக்கா மகன் கேட்டதற்கு வருகிறேன். தோட்டாவின் எண் குண்டின் விட்டத்தைத்தான், அங்குலக் கணக்கில், சொல்லும். பலத்தைச் சொல்லாது. புதிதாக வருபவர்கள் ஏமாறும் இடம் இதுதான்.

நம் ரைஃபிள் சங்கங்களில் பயிற்சிக்குச் சுடும் .22 தோட்டாவில் குண்டு 40 கிரெய்ன், அதாவது 2.6 கிராம். வேகம் வினாடிக்குச் சுமார் 330 முதல் 370 மீட்டர். அந்த வீடியோவில் வந்தது .223. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் குண்டின் தடிமன் ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் .223இன் பித்தளைக் கூடு நீளம், மருந்து பல மடங்கு, 55 கிரெய்ன் குண்டு வினாடிக்கு 980 மீட்டர் வேகத்தில் போகிறது. கணக்குப் போட்டால் அடியின் பலம் ஒன்பது முதல் பன்னிரண்டு மடங்கு வருகிறது. பற்றவைக்கும் விதமும் வேறு. சின்னத் தோட்டாவில் விளிம்பில் அடிவாங்கி வெடிக்கும், அதை ரிம்ஃபயர் என்பார்கள். பெரியதில் அடிப்பாகத்தின் நடுவில் இருக்கும் கேப்பில், அதாவது பற்றவைக்கும் சின்ன மூடியில், ஊசி அடிக்கும், அது சென்டர்ஃபயர்.

அவ்வளவு பலம் இருந்தும் அமெரிக்காவிலேயே எல்லா மாநிலத்திலும் .223ஐ மானுக்கு ஒத்துக்கொள்வதில்லை. டெக்சாஸில் சென்டர்ஃபயர் எதுவானாலும் சரி, ரிம்ஃபயர் கூடாது. கொலராடோவில் .24க்குக் கீழே எதுவும் கூடாது. அங்கே புதியவர்களுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் பலர் கொடுப்பது 1955இல் வந்த .243, குண்டு 100 கிரெய்ன் வரை, உதையும் தாங்கக்கூடியது. அவர்களும் கேட்பது உயிர் வதைபடாமல் போகுமா என்பதைத்தான். மானுக்கே இப்படி என்றால், தோளில் பலகை போலத் தடித்த தோலும் அதன் கீழே கொழுப்புமாக நூறு கிலோவைத் தாண்டி நிற்கும் ஆண் பன்றிக்கு ரிம்ஃபயர் .22 எந்த மூலைக்கு? பட்டால் சாகும், நாலு நாள் கழித்துப் புழு வைத்துச் சாகும். அதுவரை வலியோடு அது எந்தக் கரும்புக் காட்டில் படுத்திருக்கிறது, யார் அரிவாளோடு அதற்குள் நுழைகிறார்கள் என்பது யாருக்கும் தெரியாது.

.22க்கு இன்னொரு குணமும் உண்டு. சின்னதாக இருப்பதால் தூரம் போகாது என்று நினைப்போம். மேலே தூக்கிச் சுட்டால் ஒன்றரைக் கிலோமீட்டர் வரை போகும். கல்லிலோ தண்ணீரிலோ சாய்வாகப் பட்டால் விசிலடித்துக்கொண்டு திசை மாறும். நம் ஊரில் ஒன்றரைக் கிலோமீட்டருக்குள் வீடு இல்லாத இடம் எங்கே இருக்கிறது?

சரி, பெரிய ரைஃபிள்? நமக்குக் கிடைப்பதில் அதிகம் பேசப்படுவது .315. வெள்ளைக்காரன் காலத்தில் பட்டாளத்தின் .303 பொதுஜனம் கையில் போகக் கூடாது என்று தடுத்ததால் வந்த அளவு அது, .303 இன்றும் தடை செய்யப்பட்ட போர், அதாவது குழல் அளவுதான். .315 குண்டு 244 கிரெய்ன், கிட்டத்தட்ட 16 கிராம், நம் .22 குண்டைப் போல ஆறு மடங்கு. பன்றிக்குத் தாராளமாகப் போதும். ஆனால் பன்றியைத் துளைத்துக்கொண்டு வெளியே போய்க் கிலோமீட்டர் கணக்கில் பறக்கும். பின்னால் மண்மேடோ ஏரிக்கரையோ கரட்டுச் சரிவோ இருக்கும் நிலம் என்றால் சரி. மூலத்தறை வாய்க்காலுக்குக் கீழே மேசை மாதிரிக் கிடக்கும் தென்னந்தோப்புக்குள் அதை எடுத்துக்கொண்டு போகிறேன் என்று யாராவது சொன்னால் நான் கையைப் பிடித்து நிறுத்துவேன்.

ஆகப் பெரும்பாலானவர்களுக்கு 12 போர் இரட்டைக்குழல்தான். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு உருண்டையாக உருட்டினால் ஓர் உருண்டை நுழையும் குழல், அதனால் அந்தப் பெயர். இதன் தோட்டாவுக்குள் பெரும்பாலும் பல ஈயக் குண்டுகள் சேர்ந்து இருக்கும். ரைஃபிளை விட எட்டும் தூரம் குறைவு, நமக்கு வேண்டியதும் அதுதான்.

வீட்டில் இருக்கும் குழலைப் பாருங்கள்

கடைக்குப் போவதற்கு முன் இந்த வேலை. அப்பா காலத்து, தாத்தா காலத்துத் துப்பாக்கி என்றால் கட்டாயம். துப்பாக்கியை மடக்கி, இரண்டு குழலும் காலி என்று கண்ணால் பார்த்து, விரல் விட்டும் பார்த்துவிட்டு, குழலைக் கழற்றிக் கவிழ்த்து அதன் அடியில் பொறித்திருப்பதை டார்ச் அடித்துப் படியுங்கள். 70 என்றோ 2¾ என்றோ இருந்தால் இன்று கடையில் கிடைக்கும் சாதாரணத் தோட்டா போகும். 65 அல்லது 2½ என்றிருந்தால் நில்லுங்கள்.

தோட்டாப் பெட்டியில் போட்டிருக்கும் 70 மில்லிமீட்டர் என்பது வெடித்து வாய் விரிந்த பிறகு உள்ள நீளம். வெடிக்காத தோட்டா வாய் மடங்கியிருப்பதால் அதைவிடக் குட்டை. அதனால் 70 தோட்டா 65 அறைக்குள் எந்தத் தடையும் இல்லாமல் நழுவிப் போய் உட்காரும், துப்பாக்கியும் டக்கென்று மூடிக்கொள்ளும். வெடிக்கும்போது மடிப்பு விரிய இடம் இருக்காது, குழலின் குறுகலில் போய் முட்டும், அழுத்தம் எகிறும். "நல்லாத்தானே உள்ள போச்சு" என்பதை வைத்து முடிவு செய்யக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு விளக்குகிறேன். அதே போல, குழலின் மேல் பாம்புத்தோல் மாதிரி வரிவரியாக நெளிவு தெரிந்தால் அது டமாஸ்கஸ் குழல், கருமருந்துக் காலத்தது. இன்றைய தோட்டா எதையும் அதில் போடாதீர்கள், வேலை தெரிந்த துப்பாக்கி மெக்கானிக்கிடம் காட்டும் வரை அலமாரியிலேயே இருக்கட்டும்.

அப்புறம் சோக். குழலின் நுனியில் இருக்கும் லேசான குறுகல். இரட்டைக்குழலில் பொதுவாக வலது குழல் திறந்தது, இடது இறுக்கம். முன் விசை வலதுக்கு. ஒற்றைக் குண்டுத் தோட்டாவை இறுக்கமான குழலில் போடக் கூடாது. பெரிய குண்டுகள் இறுக்கத்தில் ஒன்றோடொன்று நசுங்கித் தாறுமாறாகச் சிதறவும் செய்யும், ஆகவே பன்றிக்கு முதல் வெடி வலது குழலில் வைப்பதே என் பழக்கம்.

எல்ஜி, எஸ்ஜி, மற்றவை

கடையில் சக்திமான் என்ற பெயரில் வரும் தோட்டாப் பெட்டிகளின் மேல் எழுத்துப் போட்டிருக்கும். எல்ஜியில் குண்டு ஒன்று 9.1 மில்லிமீட்டர், ஓர் அவுன்ஸுக்கு ஆறு. எஸ்ஜி 8.4 மில்லிமீட்டர், எட்டு. அதற்குக் கீழே ஏஏஏ 5.2 மில்லிமீட்டர், முப்பத்தைந்து. பிபி 4.1 மில்லிமீட்டர், எழுபது. பிறகு 1, 4, 6 என்று எண் ஏற ஏற ரவை, அதாவது உள்ளே இருக்கும் குண்டு, சிறுத்துக்கொண்டே போகும், அதெல்லாம் பறவைக்கென்று வந்தவை.

பன்றிக்கு எல்ஜி. கிடைக்காவிட்டால் எஸ்ஜி. ஏஏஏவும் பிபியும் ரவை நிறைய, ஏதாவது ஒன்று பட்டுவிடும் என்ற எண்ணத்தில் வாங்குவார்கள். பட்டும்விடும், தோலுக்குள் போய் நின்றும்விடும். பன்றியைக் குருடாக்கி, நொண்டியாக்கி அனுப்புவதற்கு அதைவிட நல்ல தோட்டா இல்லை. தயவு செய்து வேண்டாம்.

ஒற்றைக் குண்டு பலமானது, நல்ல குறி உள்ளவர் கையில் எல்ஜியை விடச் சுத்தமாக வேலை முடிக்கும். ஆனால் ரைஃபிள் போலக் குறி பார்த்துப் பழகியிருக்க வேண்டும், பின்னால் மண் இருக்க வேண்டும். முதல் வருடத்தில் அதைத் தொட வேண்டாம்.

எல்ஜியும் எஸ்ஜியும் எவ்வளவு தூரத்துக்கு? என் கணக்கு 25 மீட்டர். கடையில் நாற்பது என்பார்கள், ஐம்பது என்று சாதிப்பவர்களும் உண்டு. எனக்குத் துப்பாக்கி வந்த முதல் வருடம் நானும் நாற்பத்தைந்து மீட்டரில் சுட்டேன். கடலை பிடுங்க இருபது நாள்தான் இருந்தது, கூட்டமாக வந்து உழுது போட்டிருந்தன, ஆத்திரம். எஸ்ஜி. பெண் பன்றி ஒன்று கத்திக்கொண்டு சுருண்டு விழுந்து எழுந்து ஓடியது. ரத்தம் நாலு சொட்டுக்கு மேல் கிடைக்கவில்லை, பன்றிக்குக் கொழுப்பு வந்து ஓட்டையை அடைத்துக்கொள்ளும் என்று அன்று எனக்குத் தெரியாது. மறுநாள் மத்தியானம் பக்கத்துக்காரர் கரும்புக்குள் முனகல் கேட்கிறது என்று ஆள் வந்து சொன்னார்கள். போய்ப் பார்த்தபோது பின்பாகம் செயலற்று முன்காலால் மண்ணைத் தோண்டித் தோண்டி இழுத்துக்கொண்டு அரை வட்டம் போட்டிருந்தது. பதினாறு மணி நேரம். ஒரே ஒரு குண்டு பட்டிருந்தது, இடுப்பில். என்னைப் பார்த்ததும் திரும்பிப் பல்லைத்தான் காட்டியது. அன்று வனத்துறை ஆள் முன்னிலையில் அதை முடித்துவிட்டு வந்து இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அதற்குப் பிறகு 25 மீட்டரில் ஒரு முளைக்குச்சி அடித்து வெள்ளைத் துணி கட்டாமல் நான் பரணில் ஏறியது கிடையாது. துணிக்கு அந்தப் பக்கம் நிற்கும் பன்றி தின்றுவிட்டுப் போகட்டும்.

உங்கள் குழலுக்கு எவ்வளவு தூரம் என்பதை நீங்களே பார்த்துவிடலாம். ரைஃபிள் சங்க ரேஞ்சில் அனுமதி வாங்கி, நாலு முழம் அகலத்துக்குப் பழைய காலண்டர் தாள்களை ஒட்டித் தொங்கவிட்டு, நடுவில் சாப்பாட்டுத் தட்டை வைத்து வட்டம் வரைந்துகொள்ளுங்கள். பன்றியின் நெஞ்சுக்கூட்டில் உயிர்நிலை அவ்வளவுதான் இருக்கும். 15, 20, 25, 30 மீட்டர் என்று ஒவ்வொரு தூரத்துக்கும் புதுத் தாள், ஒரே ரகத் தோட்டா, இரண்டு குழலிலும். வட்டத்துக்குள் நாலு குண்டாவது விழும் கடைசித் தூரம் எதுவோ அதுதான் உங்கள் எல்லை. ஒரே தோட்டா பக்கத்து வீட்டுத் துப்பாக்கியில் ஒரு மாதிரி, உங்களுடையதில் வேறு மாதிரி விழும், ஆகவே அவர் சொல்லும் கணக்கு உங்களுக்கு உதவாது. ஏழெட்டுத் தோட்டா செலவாகும், லைசென்ஸ் கணக்கில் குறையும். அதற்காக இதை விடாதீர்கள்.

தோட்டாவைச் சேமிப்பதில் ஒன்றே ஒன்று. காகிதக் கூடு போட்ட பழைய தோட்டா நம் ஆடி மழையில் ஈரம் குடித்து ஊதிக்கொள்ளும், பாதி போய்ச் சிக்கிக்கொள்ளும். உப்பலாகத் தெரிந்தாலோ பித்தளையில் பச்சை பூத்திருந்தாலோ ஒதுக்கிக் கடையில் கொடுத்துவிடுங்கள். விசையை இழுத்து வெடிக்காமல் போனால் உடனே மடக்கிப் பார்க்காதீர்கள். குழலை மண்ணுக்கு நேராக வைத்தபடி அரை நிமிடம் எண்ணுங்கள், தாமதமாக வெடிப்பதும் உண்டு.

குண்டு எங்கே நிற்கும்

எல்ஜியைப் பாதுகாப்பான தோட்டா என்று மேலே சொன்னதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். கொல்லும் தூரம் 25 மீட்டர்தான், ஆனால் அந்த ஈய உருண்டை கோணம் வாய்த்தால் 700 மீட்டர் வரை போய் விழும். அங்கே ஒரு குழந்தையின் கண் இருந்தால் போதும். இதற்கு நம் கையில் இருக்கும் தீர்வு பரண்.

கணக்காகச் சொல்கிறேன். தரையில் நின்று 20 மீட்டரில் பன்றியின் நெஞ்சுக்குக் குறி வைக்கிறீர்கள். துப்பாக்கி தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரம், நெஞ்சு 40 சென்டிமீட்டர். குண்டு துளைத்து வெளியே போனால் எட்டு மீட்டர் தள்ளி மண்ணில் இறங்கும். குறி தவறி முதுகுக்கு மேலே போனால் இருபத்தேழு மீட்டர் தாண்டித்தான் மண். துப்பாக்கி மூன்றரை மீட்டர் உயரத்தில் வருகிற மாதிரி பரண் கட்டினால் துளைத்தது இரண்டரை மீட்டரில் மண்ணுக்குள், தவறியது ஆறு மீட்டரில். நாலு தென்னை மட்டையும் இரண்டு மூங்கிலும் செய்கிற வேலை இது.

பகலிலேயே பரணில் ஏறி உட்கார்ந்து பாருங்கள். எந்தெந்தத் திசையில் வீடு, வழித்தடம், மோட்டார் கொட்டகை, கிணறு, மாட்டுத்தொழுவம் என்று பார்த்து, சுடக்கூடிய இடத்தின் இரண்டு ஓரத்திலும் குச்சி நட்டுவிடுங்கள். குச்சிக்கு வெளியே துப்பாக்கி திரும்பக் கூடாது. குறி விழும் இடத்தில் பாறைத் திட்டோ தேங்கிய தண்ணீரோ இருந்தால் பரணை மாற்றுங்கள்.

இன்னொரு விஷயம் நம் பகுதிக்கே உரியது. கேரளம் முழுக்கப் போகும் கள்ளில் பெரும்பங்கு சித்தூர்த் தோப்புகளில் இறங்குவது. கள்ளிறக்குபவர்கள் இருட்டு விலகும் முன்பே வந்து மரம் ஏறிவிடுவார்கள், டார்ச்சும் அடிக்க மாட்டார்கள், பழகிய கால். மரத்தின் மேல் ஆள் இருக்கும் தோப்பில் குழல் ஒரு விரற்கடை மேலே தூக்கினாலும் தப்பு. ஆகவே நேரத்தை அவர்களோடு பேசி வையுங்கள். நான் ராத்திரி பத்து முதல் மூன்று வரைதான் உட்காருவேன், அதற்குப் பிறகு பன்றி எதிரில் வந்து நின்றாலும் தோட்டாவைக் கழற்றிவிடுவேன்.

வெளிச்சத்தில் கண் மின்னுவதைப் பார்த்துச் சுடுகிற வழக்கம் ஒன்று உண்டு, அதை மறந்துவிடுங்கள். மானுக்கும் மாட்டுக்கும் நாய்க்கும் கண்ணின் பின்புறம் கண்ணாடி போல ஒரு படலம் இருக்கிறது, டார்ச் பட்டால் பளிச்சென்று எரியும். பன்றிக்கு அந்தப் படலம் கிடையாது. அதனால் பிரகாசமாக ஜோடிக்கண் தெரிந்தால் அது அநேகமாகப் பன்றியே இல்லை, வழி தவறிய கன்றுக்குட்டியாகவும் இருக்கலாம், புள்ளிமானாகவும் இருக்கலாம். தலை, முதுகு மயிர், வால், நாலு கால் என்று முழு உடலும் தெரிந்த பிறகே துப்பாக்கியின் சேஃப்டிப் பூட்டை எடுங்கள். குட்டிகளோடு நிற்கும் தாயை நான் சுடுவதில்லை. குட்டிகள் நாலைந்து நாள் அங்கேயே சுற்றிச் சாவதைப் பார்க்க முடியாது.

குறி எங்கே என்றால், பன்றி பக்கவாட்டில் நிற்கும்போது முன்னங்கால் உடலோடு சேரும் இடத்துக்குப் பின்னால் ஒட்டினாற்போல், உடலின் கீழ் மூன்றில் ஒரு பங்கில். பன்றிக்கு இருதயம் கீழே இருக்கிறது. முதுகில் மயிர் சிலிர்த்து நிற்பதால் உடல் உண்மையை விட உயரமாகத் தெரியும், புதியவர்கள் எல்லோரும் மேலேதான் சுடுவார்கள். நேராக எதிரே பார்த்து நிற்கும்போதும், திரும்பி ஓடும்போதும் சுட வேண்டாம். பக்கத்தைக் காட்டும் வரை பொறுங்கள். காற்று உங்கள் பக்கம் வீசினால் அது பொறுமையாகவே நிற்கும், பன்றிக்குப் பார்வை மட்டம், மூக்குதான் கூர்மை.

விழுந்த பிறகு

உடனே இறங்காதீர்கள். இடது குழலில் தோட்டா இருக்க, இருபது நிமிடம் பரணிலேயே இருங்கள். அசைவு இல்லை என்றால் பின்பக்கமாகப் போய் நீளமான கம்பால் கண்ணைத் தொட்டுப் பாருங்கள், இமை ஆடினால் உயிர் இருக்கிறது. அடிபட்டு ஓடிவிட்டது என்றால் ராத்திரியில் தனியாகத் தேடிப் போக வேண்டாம். ஓடிய திசையை மட்டும் குறித்துக்கொண்டு, பஞ்சாயத்துக்கும் வனத்துறைக்கும் சொல்லி, விடிந்ததும் நாலு பேராகப் போங்கள். அக்கம்பக்கத்தில் கரும்பு வெட்டப் போகிறவர்களுக்கு அந்த ராத்திரியே தகவல் போக வேண்டும்.

இறைச்சி தின்னக் கூடாது, விற்கக் கூடாது. வனத்துறை ஆள் வந்து மகஜர், அதாவது நேரில் பார்த்ததற்கான அறிக்கை, எழுதுவார், குழி தோண்டி மண்ணெண்ணெய் ஊற்றிப் புதைப்பார்கள். எவ்வளவு தூரம், எந்தத் தோட்டா, எத்தனை வெடி என்று கேட்பார்கள். நான் இதற்கென்று ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறேன். தேதி, உத்தரவு எண், தோட்டா ரகம், குழல், தூரம், எத்தனை குண்டு எங்கே பட்டது, பன்றி எத்தனை அடி ஓடியது. வெற்றுக் கூட்டையும் அதோடு ஒரு டப்பாவில் போட்டு வைக்கிறேன், அடுத்த முறை கடையில் கணக்குக் கேட்பார்கள். அக்கா மகனுக்கும் ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் அவன் எழுதியிருப்பது காலண்டர் தாளில் சுட்ட கணக்குதான்: வலது குழல், எல்ஜி, 20 மீட்டரில் ஐந்து, 25இல் நாலு, 30இல் இரண்டு.

புதைத்து முடிந்ததும் துப்பாக்கியை மடக்கி உறையில் போட்டுவிட்டு, கள்ளிறக்கும் அண்ணனுக்கு ஒரு போன். "முடிஞ்சிதுங்க, நீங்க வரலாம்."